கோடை இலக்கிய வகுப்பு: அறுநூறு டாலரில் எது உருப்படி?

எங்கள் பக்கத்தில், அதாவது டாலஸுக்கு வடக்கே பிளேனோ, ஃபிரிஸ்கோ வட்டாரத்தில், ஏப்ரல் முடிவதற்குள்ளேயே இந்திய மளிகைக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கோடை வகுப்பு நோட்டீஸ்களை அடுக்கிவிடுவார்கள். கால்குலஸ், ஃபிசிக்ஸ், எஸ்ஏடி, கோடிங், செஸ். அந்தக் கட்டில் "ஏபி லிட்" (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தர ஆங்கில இலக்கியப் பாடம்) என்று ஒரு நோட்டீஸ் கிடைப்பது அபூர்வம். நம் வீட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் இலக்கியத்தை விரும்பி எடுப்பதும் அபூர்வம்தான். என் மூத்தவள் எடுத்தாள். பயாலஜி படிக்கப் போகிறவளுக்கு இது எதற்கு என்று வீட்டில் ஒரு பேச்சு ஓடியது. "கணக்குக்கு டியூஷன் வைக்கலாம், கதை படிக்கறதுக்கு யாராவது டியூஷன் வைப்பாங்களா?" என்றார் என் கணவர். வைத்தோம். ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், அறுநூறு டாலர். புத்தகக் கட்டு என்று தனியாக நாற்பத்தைந்து.

வகுப்பு முடிந்ததிலிருந்து தமிழ்ப் பள்ளி வாசலிலும் வாட்ஸ்அப்பிலும் "எப்படி இருந்தது, சேர்க்கலாமா?" என்று கேட்டபடி இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் குரல் செய்தி அனுப்பி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். மையத்தின் பெயரைப் போடவில்லை. இந்த மாதிரி மையங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சு, பெயர்ப் பலகைதான் வேறு. நான் மதுரையில் பி.ஏ. தமிழ் படித்தவள், இங்கே ஒரு பல் மருத்துவரிடம் பில்லிங் பார்க்கிறேன். ஆங்கில இலக்கியத்தில் பெரிய புலமை கிடையாது. ஆனால் ஒரு பாட்டை எப்படிப் படிக்க வேண்டும், எப்படிப் படிக்கக் கூடாது என்பது எந்த மொழிக்கும் பொது என்று நினைக்கிறவள்.

முதலில் இந்தப் பாடத்தைப் பற்றிக் கொஞ்சம். முழுப் பெயர் ஏபி இங்கிலீஷ் லிட்ரேச்சர் அண்ட் காம்போசிஷன். காலேஜ் போர்டு என்ற தேர்வு அமைப்பு நடத்துகிறது. பெரும்பாலான பள்ளிகளில் பதினொன்றில் ஏபி லாங்க்வேஜ், பன்னிரண்டில் லிட் என்று எடுப்பார்கள். லாங்க்வேஜில் கட்டுரையும் மேடைப் பேச்சும் வாதமும், லிட்டில் கதை, நாடகம், கவிதை. தேர்வு மே மாதத்தில், மூன்று மணி நேரம். முதல் மணியில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் மல்டிபிள் சாய்ஸ் வினாக்கள் 55, அதற்கு 45 சதவீதம். அடுத்த இரண்டு மணியில் மூன்று கட்டுரைகள், அதற்கு 55 சதவீதம். ஒன்று கவிதை, ஒன்று உரைநடைப் பகுதி, மூன்றாவது மாணவர் தாமே தேர்ந்தெடுக்கும் ஒரு முழுப் படைப்பைப் பற்றியது. 2025 மே முதல் எல்லாமே கணினியில், ப்ளூபுக் செயலியில். ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் மூன்று வாங்கினாலே பொதுவாக ஒரு ஆங்கிலப் பாடம் கழிந்துவிடும்.

இங்கே இதை எடுக்கும் பிள்ளைகள் பலரும் இலக்கிய ஆசையில் எடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டெக்சஸில் 1997-ல் வந்த சட்டம் ஒன்று உண்டு. பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தால் அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் மட்டும் அந்தப் பத்தை இன்னும் குறுக்கி வைத்திருக்கிறது. ஏபி பாடத்துக்கு ஜிபிஏ (பள்ளியின் சராசரி மதிப்பெண்) கணக்கில் கூடுதல் எடை என்பதால் பிள்ளைகள் எடை பார்த்துத்தான் பாடம் எடுக்கிறார்கள். வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் இந்த ரகம். மையத்துக்கும் அது தெரியும். பாடமும் அதற்கேற்பத்தான்.

திங்கட்கிழமை கட்டுரை வகுப்பு. கல்லூரியை இப்போதுதான் முடித்த ஒரு இளைஞர் நடத்தினார். நல்ல பையன், சுறுசுறுப்பு, நேரத்துக்கு வந்துவிடுவார். முதல் நாளே எல்லோருக்கும் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டை கொடுத்தார். "இந்தக் கவிதையில் கவிஞர் ____, ____, ____ ஆகிய உத்திகளைக் கையாண்டு ____ என்பதை உணர்த்துகிறார்." கோடிட்ட இடத்தை நிரப்பினால் முதல் பத்தி தயார். அட்டையின் பின்பக்கம் வண்ணப் பட்டியல்: உவமைக்கு மஞ்சள் ஹைலைட்டர், காட்சிப் படிமத்துக்கு இளஞ்சிவப்பு, குறியீட்டுக்குப் பச்சை, முரணுக்கு நீலம். பிள்ளைகள் கவிதை மேல் கோலம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

அட்டையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நம் ஊர் நயம் பாராட்டலேதான்! மையக் கருத்து, திரண்ட கருத்து, மோனை நயம், எதுகை நயம், அணி நயம், சந்த நயம், கற்பனை நயம் என்று தலைப்புகளைப் போட்டு அடிக்கோடும் இழுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பாட்டு எதுவானாலும் "காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை" என்று ஒரு வரி. மதுரைப் பிள்ளைகளுக்கு இன்னும் கொண்டாட்டம், "மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை" என்று எழுதும்போது ஊர்ப் பெருமையும் சேர்ந்துகொள்ளும். பாட்டை ஒரு தடவைகூட வாய்விட்டுப் படிக்காமல் அதில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். டீச்சர்களுக்கும் தெரியும். அந்தப் பழக்கம் கடல் தாண்டி அறுநூறு டாலர் விலை ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நம் ஊரில் அது செல்லுபடியானது. இங்கே ஆகாது. ஏன் என்று காலேஜ் போர்டின் மதிப்பெண் அட்டவணையே சொல்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆறு மதிப்பெண். மையக் கூற்றுக்கு ஒன்று. சான்றும் விளக்கமும் சேர்த்து நான்கு. சிந்தனை நுட்பத்துக்கு ஒன்று, அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, அதைத் துரத்தவும் வேண்டாம். அட்டை வாங்கித் தருவது அதிகபட்சம் அந்த முதல் ஒன்று. நடுவில் இருக்கும் நான்கில்தான் தலைவிதி. உத்தியின் பெயரைச் சரியாகச் சொன்னதற்கு அதில் எதுவும் கிடையாது. இந்த வரி இங்கே என்ன செய்கிறது, அது நீ சொல்ல வந்ததற்கு எப்படித் துணை நிற்கிறது என்று அவிழ்த்துக் காட்டினால்தான் மூன்றும் நான்கும். கதையைச் சுருக்கிச் சொல்லிவிட்டு வந்தால் ஒன்றிலேயே நின்றுவிடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பள்ளியில் கோடை வாசிப்புக்கு மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன் கொடுத்திருந்தார்கள். அதில் அந்தப் படைக்கப்பட்ட ஜீவன் ஒரு குடிசையை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்துகொண்டு, சுவரில் உள்ள விரிசல் வழியாக ஒரு குடும்பத்தை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும். அதைப் பற்றி என் மகள் ஒரு பத்தி எழுதினாள். "ஆசிரியர் காட்சிப் படிமம், முரண் ஆகியவற்றைக் கையாண்டு தனிமையை உணர்த்துகிறார்" என்று ஆரம்பம். அதன்பிறகு ஆறு வரி கதைச் சுருக்கம். கடைசியில் மறுபடியும் "இவ்வாறு தனிமை உணர்த்தப்படுகிறது". தாள் திரும்பி வந்தது. பச்சை மையில் ஒரு டிக், "அருமை! இன்னும் இரண்டு உத்திகள் சேர்க்கவும்." அவ்வளவுதான் திருத்தம். எல்லாப் பிள்ளைகளின் தாளிலும் கிட்டத்தட்ட அதே வரி இருந்ததாகக் கேள்வி.

அந்தப் பத்திக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதைக் கீழே சொல்கிறேன். அது வியாழக்கிழமைக் கதை.

செவ்வாய்க்கிழமை வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாதி நேரம் மல்டிபிள் சாய்ஸ் பயிற்சி, பாதி நேரம் "நாவல் தொகுப்பு". வினாக்களின் தலையில் "உண்மையான தேர்வு வினாக்கள்" என்று போட்டிருந்தது. அதை நம்ப வேண்டாம். கட்டுரைக் கேள்விகளைத்தான் காலேஜ் போர்டு வருடா வருடம் வெளியிடுகிறது. மல்டிபிள் சாய்ஸ் வினாக்களில் மாதிரிக்குக் கொஞ்சமும், முன்பு வெளியிட்ட பழைய தாள்கள் சிலவும்தான் பொதுவில் உண்டு. மற்றவை எல்லாம் மையங்கள் தாங்களே எழுதிக்கொள்பவை. சிலது நன்றாக இருக்கும், சிலதில் விடையே தகராறு. நாவல் தொகுப்பு என்பது பத்து நாவல், நாடகங்களின் கதைச் சுருக்கம், பாத்திரப் பட்டியல், "முக்கியக் கருப்பொருள்" மூன்று. மூன்றாவது கட்டுரைக்கு இதில் ஒன்றை எடுத்து எழுதிவிடலாம் என்பது அவர்கள் திட்டம். அந்தக் கேள்வியோடு நாற்பது படைப்புகள் போல ஒரு பட்டியல் தருவார்கள் என்பது உண்மைதான். பட்டியலில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, தரமான எந்தப் புனைவும் ஆகும். ஆனால் சுருக்கத்தைப் படித்து எழுதுகிறவனுக்கு எந்த இடத்தில் எந்தப் பாத்திரம் தயங்கியது என்பது தெரியாது. கேள்வி கேட்பது அதைத்தான். பத்து நாவலின் சுருக்கத்தைவிட மூன்றை இரண்டு தரம் படித்தவன் கை ஓங்கும்.

இனி வியாழன்.

வியாழக்கிழமை கவிதை வகுப்பை ஒரு ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை எடுத்தார். வெள்ளைக்கார அம்மா, எழுபதை ஒட்டிய வயது இருக்கலாம், கையில் ஒரு துணிப்பை, அதில் ஒரே ஒரு கவிதையின் நகல்கள். அட்டை கிடையாது, ஹைலைட்டர் கிடையாது. எல்லோரும் பென்சில் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் வேலை முடிந்து நேரே அங்கே போய்விடுவதால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மையத்தின் சுவர்கள் மெல்லிசு என்பது பொதுவாக ஒரு குறை. எனக்கு அது லாபமாகப் போயிற்று.

அவர் வகுப்புக்கு ஒரு விதி. முதல் அரை மணிக்கு எந்த இலக்கியச் சொல்லும் வாயில் வரக் கூடாது. உருவகம், படிமம், தொனி எதுவும் கூடாது. முதலில் அவர் வாய்விட்டுப் படிப்பார், பிறகு ஒரு பிள்ளை, பிறகு இன்னொரு பிள்ளை. அதன் பிறகு கேள்விகள். யார் பேசுகிறார்? யாரிடம்? எப்போது? முதல் வரியில் இருந்த ஆள் கடைசி வரியிலும் அதே ஆள்தானா? விடை சொன்னால் "எந்த வரியில் பார்த்தாய்?" என்பார். வரியைக் காட்டினால்தான் அடுத்த கேள்வி. ஒரு பிள்ளை பதில் சொல்லத் தயங்கினால் அந்த அம்மா காத்திருந்தார். நிஜமாகவே காத்திருந்தார். திங்கட்கிழமைப் பையனுக்கு அந்தப் பொறுமை கிடையாது, மூன்று விநாடி அமைதி என்றால் அவரே விடையைச் சொல்லிவிடுவார்.

ஒரு வாரம் ராபர்ட் ஹேடனின் கவிதை ஒன்று. டெட்ராய்ட்டில் பிறந்த கறுப்பினக் கவிஞர், 1962-ல் வெளியானது, பதினான்கே வரி, அமெரிக்கப் பள்ளிகளில் பிரசித்தம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைக் குளிரில் ஒரு தகப்பன் எழுந்து, வாரம் முழுக்க வேலை செய்து வெடித்துப்போன கையால் நெருப்பு மூட்டுகிறார். யாரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை. அறைகள் சூடான பிறகுதான் பிள்ளையை எழுப்புகிறார். பிள்ளை மெதுவாக எழுகிறது, அந்த வீட்டில் எப்போதும் கனன்று கொண்டிருக்கும் கோபங்களுக்குப் பயந்தபடி. குளிரை விரட்டி, காலணிக்கும் பாலிஷ் போட்டு வைத்த மனிதரிடம் பட்டும் படாமல் பேசுகிறது. கடைசியில் தனக்கு அப்போது என்ன தெரியும் என்று ஒரு கேள்வி, இரண்டு முறை.

பிள்ளைகள் முதலில் "அப்பாவின் தியாகம்" என்றார்கள். நம் பிள்ளைகள் இரண்டு பேர் அதைக் கொஞ்சம் கண்ணீரோடும் சொன்னார்கள். அந்த அம்மா விடவில்லை. "இதைச் சொல்வது குழந்தையா, பெரியவரா?" என்றார். குழந்தை என்று ஒருவன். "எந்த வரியில்?" தேடினான், கிடைக்கவில்லை. என் மகள் சொன்னாள், கடைசிக் கேள்வியைக் குழந்தை கேட்க முடியாது, வளர்ந்த பிறகுதான் கேட்க முடியும் என்று. "அப்படியானால் நடுவில் ஒரு வரி வீட்டுக் கோபத்தைப் பற்றிப் பேசுகிறதே, அதை ஏன் இந்தப் பெரியவர் மறைக்கவில்லை? தியாகத்தை மட்டும் சொல்லியிருக்கலாமே?" அங்கேதான் வகுப்பு சூடுபிடித்தது. அப்பா நல்லவராகவும் இருந்தார், அந்த வீடு பயமாகவும் இருந்தது, இரண்டையும் விடாமல் வைத்துக்கொண்டு நன்றி சொல்ல முயல்கிற ஒருவர் பேசுகிறார் என்ற இடத்துக்கு அவர்களே வந்து சேர்ந்தார்கள். அதன் பிறகுதான் அந்த அம்மா "இப்போது உங்களுக்குத் தெரிந்த சொற்களை வெளியே எடுக்கலாம்" என்றார். தொனி, ஒலி, அமைப்பு எல்லாம் வந்தன. வந்தபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது.

காலேஜ் போர்டின் கவிதைக் கேள்வி வருடா வருடம் கேட்பதும் இதைத்தான். சிக்கலான மனநிலை, சிக்கலான உறவு என்று கேள்வியிலேயே சொல்லிவிடுவார்கள். ஒற்றை உணர்ச்சியைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறவர் அங்கே பாதியில் நிற்பார்.

இப்போது அந்த ஃபிராங்கன்ஸ்டைன் பத்தி. திருத்தி வந்த தாளை என் மகள் வியாழக்கிழமை அந்த அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். அது அவர் பாடம் அல்ல, ஆனாலும் நின்று படித்திருக்கிறார். பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தார்: "அவன் அவர்களைப் பார்க்கிறான். அவர்கள் அவனைப் பார்க்கவில்லை. பிறகு அந்த வீட்டில் யாரிடம் முதலில் போகிறான்?" என் மகள் காரில் வரும் வழியெல்லாம் பேசவே இல்லை. சிக்னலில் நிற்கும்போது திடீரென்று, "அம்மா, அந்தத் தாத்தாவுக்குக் கண் தெரியாதும்மா!" என்றாள். மொழி, குடும்பம், பாசம் எல்லாவற்றையும் அந்த ஜீவன் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றே கற்றுக்கொள்கிறது. தன்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஓடினார்கள் அல்லது அடித்தார்கள் என்பதும் அதற்குத் தெரியும். அதனால்தான் மற்றவர்கள் வெளியே போன சமயம் பார்த்து, பார்வையில்லாத கிழவரிடம் போகிறது. பேச்சு மட்டும் போதும் என்று இருக்கும் ஒரே இடம் அதுதான். பார்வையுள்ள மகன் திரும்பி வந்ததும் எல்லாம் போயிற்று. புதிதாக எழுதிய பத்தியில் "காட்சிப் படிமம்" என்ற சொல்லே இல்லை. பள்ளி திறந்ததும் அவளுடைய ஆங்கில ஆசிரியர் அந்தப் பத்தியை வகுப்பில் வாசித்துக் காட்டினார் என்பதைப் பெருமைக்காகவும் சொல்லிக்கொள்கிறேன்.

புத்தகக் கட்டு. இதற்கு நாற்பத்தைந்து டாலர் தண்டம். சுருள் கம்பி போட்ட ஒளிநகல், பாதிப் பக்கங்கள் சாய்வாக விழுந்திருந்தன. ஹாம்லெட்டுக்கு மூலத்தைத் தராமல் இன்றைய ஆங்கிலத்தில் பெயர்த்த வசனத்தை மட்டும் கொடுத்திருந்தார்கள். பரிமேலழகர் உரையை மட்டும் அச்சடித்துக் குறளை விட்டுவிட்ட மாதிரி. தேர்வில் வருவது மூலம். நாடகம் படிக்க ஃபோல்ஜர் பதிப்பு வாங்குங்கள். வாஷிங்டனில் இருக்கும் ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகத்தின் பதிப்பு. வலப்பக்கம் நாடகம், எதிர்ப்பக்கமான இடப்பக்கத்தில் அருஞ்சொல் பொருளும் குறிப்பும். கண்ணை நகர்த்தினால் போதும், பக்கம் புரட்ட வேண்டாம். உரையோடு மூலம் படித்துப் பழகிய நம் மாதிரி ஆட்களுக்கு இது சட்டென்று பிடித்துவிடும்.

நாங்கள் புத்தகம் வாங்குவது ஹாஃப் பிரைஸ் புக்ஸில். டாலஸ்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1972-ல் இதே ஊரில், முன்பு துணி துவைக்கும் கடையாக இருந்த ஒரு இடத்தில் தொடங்கியது, நார்த்வெஸ்ட் ஹைவேயில் இருக்கும் தலைமைக் கடைக்குள் போனால் அரை நாள் போய்விடும். பள்ளிகள் வழக்கமாகக் கொடுக்கும் நாவல்கள் அங்கே குவியலாகக் கிடக்கும், ஏனென்றால் ஒவ்வொரு ஜூனிலும் பிள்ளைகள் கொண்டுபோய் விற்றுவிடுகிறார்கள். எங்களுக்குக் கிடைத்த ஹாம்லெட் பிரதியில் யாரோ ஒரு பிள்ளை ஓரமெல்லாம் பென்சிலில் எழுதித் தள்ளியிருந்தது, இரண்டாம் அங்கம் வரை. அதன் பிறகு ஒரு கோடுகூட இல்லை. என் மகள் மூன்றாம் அங்கத்திலிருந்து தன் கையெழுத்தில் தொடர்ந்தாள்.

ஃபிராங்கன்ஸ்டைன் வாங்கும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. 1818-ல் வந்த முதல் பதிப்பும், 1831-ல் ஆசிரியரே திருத்திய பதிப்பும் ஒன்றல்ல. எலிசபெத் என்ற பாத்திரம் முதலாவதில், அந்த ஜீவனைப் படைத்த விக்டருக்கு அத்தை மகள், இரண்டாவதில் எடுத்து வளர்க்கும் அநாதைப் பெண். பள்ளி எதைக் கேட்கிறது என்று பார்த்து வாங்குங்கள். ஃபிட்ஸ்ஜெரால்டின் தி கிரேட் கேட்ஸ்பி வேண்டும் என்பவர்கள் காசே கொடுக்க வேண்டாம். 1925-ல் வந்த நாவல், 2021 ஜனவரி முதல் அமெரிக்காவில் காப்புரிமை கிடையாது. இலவச மின்னூல் தரும் குட்டன்பர்க் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் திரையில் ஓரக்குறிப்பு எழுதுவது அவ்வளவு எளிதல்ல. நூலகத்தில் இரவல் வாங்கினாலோ ஓரத்தில் கோடே போட முடியாது, ஒட்டுத்தாள்தான் கதி.

இதையெல்லாம்விடப் பெரிய இலவசம் காலேஜ் போர்டின் ஏபி சென்ட்ரல் தளத்தில் கிடக்கிறது. கடந்த வருடங்களின் கட்டுரைக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நிஜ மாணவர்கள் எழுதிய விடைகள், நல்லது, நடுத்தரம், சுமார் என்று, ஏன் அந்த மதிப்பெண் என்ற விளக்கத்தோடு. 2019 வரை ஒன்பது மதிப்பெண் அளவுகோல் இருந்தது, அதைப் பார்த்துப் பிள்ளைகள் குழம்ப வேண்டாம். 2021-க்குப் பிந்தியவை போதும். மூன்று மதிப்பெண் கட்டுரையையும் ஐந்து மதிப்பெண் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் எங்கே என்று பிள்ளையைக் கேளுங்கள். என் மகள் முதலில் ஐந்தில் "சொற்கள் பெரிசு" என்றாள். இரண்டாம் முறை பார்த்தபோது, மேற்கோள்கள் குட்டை, விளக்கம் நீளம் என்று அவளே கண்டுபிடித்தாள். ஏபி கிளாஸ்ரூம் என்ற இன்னொன்றும் உண்டு, காணொளிகளும் பயிற்சிகளும் இருக்கும். ஆனால் பள்ளி ஆசிரியர் ஆகஸ்டில் சேர்க்கைக் குறியீடு கொடுத்த பிறகுதான் அது திறக்கும், கோடைக்கு உதவாது.

மையம் செய்யாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தேர்வு கணினிக்குப் போன பிறகும் கட்டுரைப் பயிற்சி முழுவதும் மஞ்சள் தாளில், கையெழுத்தில்தான். கேட்டதற்கு "கையால் எழுதினால் மனசில் நிற்கும்" என்றார்கள். கவிதையைக் குறித்துப் படிக்க அது சரி. நாற்பது நிமிடத்தில் ஒரு கட்டுரையைத் தட்டச்சு செய்து முடிப்பது வேறு பயிற்சி. ப்ளூபுக்கைத் தரவிறக்கி அதன் மாதிரித் தேர்வில் ஒரு தரமாவது உட்கார வைத்திருக்கலாம். வீட்டில் நாங்களே செய்தோம். மற்றபடி இடம் சுத்தம், ஏசி அளவுக்கு மீறிக் குளிர், ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும். வாகனம் நிறுத்த இடம் தாராளம், கீழே சமோசாக் கடை இருப்பது தனிச் சிறப்பு. பணம் திருப்பித் தரும் விதி ரசீதின் பின்பக்கம் எறும்பு சைஸ் எழுத்தில் இருக்கிறது, முதல் வகுப்புக்குப் பிறகு சல்லிக்காசு வராது.

யார் சேரலாம்? ஜிபிஏ எடைக்காக எடுத்து, மூன்று வந்தால் போதும் என்று இருக்கும் பிள்ளைக்கு இது வேண்டாம், ஏபி சென்ட்ரலும் இரண்டு நாவலும் போதும். நன்றாக வாசிக்கிற, எழுதத் தயங்குகிற பிள்ளைக்குத் திங்கட்கிழமை அட்டை கெடுதலே செய்யும், இருக்கிற சொந்தக் குரலையும் மழித்துவிடும். கவிதை என்றாலே மிரள்கிற பிள்ளைக்கு வியாழக்கிழமை வகுப்பு மருந்து. என் மகள் அந்த ரகம்தான். அறுநூறில் இருநூறு அந்த வகுப்புக்கு என்று வைத்தால் அது மலிவு, மீதி நானூறு அதிகம்.

தேர்வுக்குப் பதிவு செய்வது பள்ளி வழியாக, நவம்பர் நடுவில் கடைசி நாள் வந்துவிடும், கட்டணம் நூறு டாலரை ஒட்டி. மையத்தில் சேர்ந்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இல்லை, அது உங்கள் வேலை.

அடுத்த கோடைக்குச் சேர்க்க நினைப்பவர்கள் மே முதல் வாரத்திலேயே போன் செய்து, வியாழக்கிழமை யார் எடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அந்த அம்மா வரவில்லை என்றால் பணத்தைக் கட்டாதீர்கள். கவிதை வகுப்பை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று நான் கேட்டதற்கு "பேக்கேஜாகத்தான் மேடம்" என்றார் கவுண்ட்டரில் இருந்த பெண். இன்னும் நாலு பேர் அதையே கேட்டால் பிரித்துக் கொடுப்பார்கள் என்பது என் கணக்கு. கேளுங்கள்.